இடப்பக்கம் காலியாகக் கிடந்த தாள்

கான்சஸ் மாநிலத்துப் பிளம்குரோவ் ஊரில், நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில், இரசாயனத் தாக்குதலுக்கு எதிராகப் போட்டுக்கொள்ளும் உடைகள் ஆறு தொங்குகின்றன. பதினேழு வருடமாக அங்கேதான் இருக்கின்றன. ஒருநாளும் யாரும் போட்டதில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்தில் வாங்கியவை. மானியப் பட்டியலில் அந்த உடை இருந்தது, மாவட்டத்தின் பெயரில் பணமும் இருந்தது, முன்பு பொறுப்பில் இருந்தவர் வாங்கிவிட்டார். அவ்வளவுதான் கதை.

அந்த அறையில்தான் லியோட்டா ஷ்ராக் உட்கார்ந்திருந்தாள். மாவட்டத்தின் அவசரகால மேலாளர் அவள். பதவியின் பெயர் பெரிது, சம்பளம் அரைநாளுக்கு. வயது அறுபத்தாறு. அதற்குமுன் முப்பத்தொரு வருடம் முதியோர் இல்லத்தில் உதவிச் செவிலியாக இருந்தவள். கிழவர்களைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள், கால் நகம் வெட்டினாள். குளியல் நாளில் நாற்பது கிழவர்களைச் சமாளிக்கிறவள் ஒரு சூறாவளியைச் சமாளிக்க மாட்டாளா என்று மாவட்டக் குழுவினர் நினைத்திருக்க வேண்டும். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதும் உண்மை.

ஆண்டுதோறும் மானியப் படிவம் ஒன்று வரும். பயங்கரவாதிகள் தாக்கக்கூடிய இடம் உங்கள் மாவட்டத்தில் எது என்று அதில் ஒரு கேள்வி. லியோட்டா ஒவ்வொரு வருடமும் தானியக் கிடங்கு என்று எழுதுவாள். "அதைத் தாக்க வர்றவன் முதல்ல வழி கேக்கணும். வழி கேட்டா யாராவது காபி கொடுத்து உக்கார வெச்சிடுவாங்க" என்பான் அவள் கணவன் ஆர்லன். அந்தக் கிடங்கில் முப்பத்தெட்டு வருடம் மேலாளராக இருந்தவன். தானியத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. இப்போது இரவும் பகலும் மூக்கில் குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று சுவரோரம் முனகிக்கொண்டிருக்கும். மின்சாரம் இருக்கும்வரை அது முனகும்.

போன ஜனவரியில் பனிமழை பெய்து மின்கம்பங்கள் தீக்குச்சி போல முறிந்தன. ஒன்பது நாள் மாவட்டம் இருண்டு கிடந்தது. இருபத்தாறு வீடுகளில் இப்படி இயந்திரம் வைத்து மூச்சு விடுகிறவர்கள் இருந்தார்கள். லியோட்டா பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டி, வண்டியில் ஆக்சிஜன் உருளைகளை ஏற்றி, வீடுவீடாகப் போனாள். எந்த வீடு, எந்த அறை, எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்பதெல்லாம் அவள் தலையில் இருந்தது, வேறெங்கும் இல்லை. யாரும் சாகவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அவள் புது உருளையைத் திருகியபோது பழையதில் நாற்பது நிமிடமே மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை.

மூடிக்கிடந்த உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடம் ஊர் நடுவில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஜெனரேட்டர் வைத்துவிட்டால், மின்சாரம் போன அன்றே இருபத்தாறு பேரையும் கொண்டுவந்து ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்ளலாம். விலை எண்பத்திரண்டாயிரம் டாலர். மாவட்டத்திடம் அவ்வளவு இல்லை, மானியத்தில் இருந்தது. லியோட்டா விண்ணப்பத்தில் அந்த ஒன்பது நாள் கதையை ஆறு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள்.

மாநிலத் தலைநகரிலிருந்து மானியப் பிரிவின் மார்சியா புரூயிட் போனில் கூப்பிட்டாள்.

"லியோட்டா, உங்க கதையை ஆபீஸ்ல நாலு பேரும் படிச்சோம். ஒருத்தி அழுதுட்டா. ஆனா கதைக்கு மார்க் கிடையாது. எண்ணிக்கைக்குத்தான் மார்க்."

"இருபத்தாறு வீடுன்னு எழுதியிருக்கேனே."

"அந்த இருபத்தாறு எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் தலையிலேர்ந்து."

"உங்க தலையை இணைச்சு அனுப்ப முடியாதே. நாளைக்கே உங்களுக்கு மாரடைப்பு வந்தா அந்த இருபத்தாறு பேரும் உங்களோடயே போயிடுவாங்க. அவங்கவங்க கையெழுத்து போட்ட பட்டியல் வேணும். இருபத்தஞ்சுக்குக் குறையக் கூடாது. அப்புறம் ஒரு ஒத்திகை நடத்துங்க, நானே வந்து பார்க்கறேன். அக்டோபர் பதினஞ்சுக்குள்ள."

தலைநகரிலிருந்து வந்த பேச்சில் இப்படிப் புத்தியுள்ள பேச்சை லியோட்டா அதுவரை கேட்டதில்லை. மறுநாளே தாள்களை அச்சடித்தாள். இடப்பக்கம்: 'மின்சாரம் நின்றால் எனக்கு உதவி வேண்டும்.' வலப்பக்கம்: 'மின்சாரம் நின்றால் நான் உதவுவேன்.' தேவாலய வாசலில் ஒன்று, கூட்டுறவுக் கடையில் ஒன்று, காபிக்கடையில் ஒன்று என்று பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து எடுத்துவந்து பார்த்தாள். வலப்பக்கம் வழிந்து பின்பக்கமும் நிரம்பியிருந்தது. தொண்ணூற்றொரு பேர். டிராக்டர் உண்டு, மரம் அறுக்கும் ரம்பம் உண்டு, பச்சை பீன்ஸ் சூப் ஐம்பது பேருக்கு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். இடப்பக்கம் மூன்றே பெயர். ஒன்று, கலிபோர்னியாவிலிருந்து வந்து இரண்டு வருடமே ஆன ஒரு பெண். இன்னொன்றை மருமகள் எழுதி, மாமனார் அடித்திருந்தார். மூன்றாவது, தீயணைப்புப் படைத் தலைவனின் பெயர், அவனே எழுதியதல்ல. 'கெய்த் வெடல். சமைக்கத் தெரியாது, பட்டினி கிடப்பான்' என்று யாரோ கேலிக்கு எழுதியிருந்தார்கள்.

வலப்பக்கத்துத் தொண்ணூற்றொரு பேரில் பதினோரு பேர் மூக்கில் குழாயோடு இருப்பவர்கள் என்பது லியோட்டாவுக்குத் தெரியும்.

அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். லூசியானாவில் புயல் என்றால் இங்கே சுத்தியலும் ஆணியும் பெட்டிக்குள் போய்விடும். மூன்று வாரம் அங்கே தங்கி, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் வண்டியேறிவிடுவார்கள். கொடுக்கத் தெரியும். கையை நீட்டிக் கேட்கச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பெயர் கொடுங்கள் என்று ஆக்சிஜன் விற்கும் கம்பெனியைக் கேட்க முடியாது. நோயாளியின் விவரத்தைச் சட்டம் விடாது. ஆகவே லியோட்டா தாளை எடுத்துக்கொண்டு வீடு ஏறினாள். முதலில் வில்லர்ட் உன்ரூ. எண்பத்தொரு வயது விவசாயி. அவர் கையெழுத்துப் போட்டால் பாதி ஊர் போடும்.

வில்லர்ட் சமையலறை மேசையில் இருந்தார். குழாய் அவர் மூக்கிலிருந்து இறங்கி, நாற்காலியைச் சுற்றி, கூடத்து இயந்திரம்வரை நீண்டு கிடந்தது. அவர் மனைவி லுவெல்லா, கோஸும் மாட்டிறைச்சியும் உள்ளே வைத்த பன்களை அடுப்பில் வைத்திருந்தாள்.

"வில்லர்ட், நீங்க வலப்பக்கம் பேரு போட்டிருக்கீங்க."

"ஆமா. டிராக்டர் இருக்கு. பனி தள்ற தகடு இருக்கு. எழுதியிருக்கேனே, படிக்கலயா?"

"மூக்குல குழாய் இருக்குன்னு எழுதலயே."

"அதை நீ கேக்கலயே, பொண்ணே."

"இடப்பக்கம் அதுக்குத்தான் இருக்கு."

"இடப்பக்கம் நிஜமாவே முடியாதவங்களுக்கு. நான் போய் ஒரு இடத்தைப் பிடிச்சா, பாவம், ஒருத்தருக்கு இல்லாம போயிடும்."

"விருந்துல நாற்காலியா போட்டிருக்கு, ஒருத்தர் உக்கார்ந்தா இன்னொருத்தருக்கு இல்லாம போக? பேரு கூடினாத்தான் ஜெனரேட்டரே வரும். குறைஞ்சா யாருக்குமே கிடையாது."

லுவெல்லா திரும்பாமலே சொன்னாள்: "கொட்டகை வரைக்கும் போயிட்டு வந்தா இருபது நிமிஷம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். இவரை டிராக்டர்ல ஏத்தவே ரெண்டு ஆள் வேணும். ஏத்தின அப்புறம் இவர் போய் யாரைக் காப்பாத்தப் போறாரோ."

"லுவெல்லா, பன்னு கருகுது."

"கருகட்டும்."

வில்லர்ட் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். தாளை வாங்கி, இடப்பக்கத்தில் விரல் வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். இறக்க அதிக தூரம் இல்லை.

"ஆர்லன் பேரு எங்க?"

லியோட்டா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஆர்லனை நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

"என்னை லுவெல்லா பார்த்துக்கறா."

"அது வேற."

"எப்படி வேற?"

லுவெல்லா நான்கு பன்களைத் துணியில் சுற்றி, "ஆர்லனுக்கு" என்று கையில் கொடுத்தாள். லியோட்டா வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தாள். குறுக்குச் சாலையில் நின்றாள். நாலா பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு வண்டி இல்லை. ஆனாலும் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள்.

ஐந்தரை மணிக்குச் சாப்பாடு. பன்னைப் பிட்டு வைத்துக்கொண்டே வில்லர்டின் பிடிவாதத்தை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆர்லன் மெதுவாக மென்றான். மெல்வதும் மூச்சு விடுவதும் அவனுக்கு ஒரே நேரத்தில் முடியாது. ஒன்று முடித்துத்தான் இன்னொன்று.

"சரியாத்தானே கேட்டிருக்கார்," என்றான்.

"நீயுமா?"

"அந்த ஜனவரில நீ எனக்கு மூணு உருளை வெச்சிட்டுப் போன. ஞாபகம் இருக்கா?"

"பத்து மணி நேரத்துக்கு வரும்னு கணக்குப் பண்ணித்தான் வெச்சேன்."

"நீ வந்தது பதினாலு மணி நேரம் கழிச்சு."

"பாலம் உறைஞ்சு போச்சு. சுத்திக்கிட்டு வந்தேன். சொன்னேனே."

"சொன்ன. அதனாலதான் நான் சொல்லல." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "ரெண்டாவது உருளை முடியப் போறப்பவே அளவைப் பாதியாக் குறைச்சு வெச்சேன். நீ வர்ற வரைக்கும் தாங்கணுமே."

லியோட்டா எழுந்து இயந்திரத்துக்குப் போனாள். குழாயின் இணைப்பைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒருமுறை கழற்றி மாட்டினாள். பாதி அளவில் எட்டு மணி நேரம். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று செவிலி வேலை பார்த்த அவள் மூளை தானாகக் கணக்குப் போட்டது. கணக்கு நன்றாக இல்லை.

"உதடு நீலமாயிருந்திருக்கும். வந்த உடனே நான் பார்த்திருக்கணும்."

"மெழுகுவத்தி வெளிச்சம். எல்லாரும் மஞ்சளாத்தான் இருந்தோம்."

"ஏன் சொல்லல, ஆர்லன்?"

"இருபத்தஞ்சு வீட்டுக்குப் போயிட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழட்டாம தூங்கிட்ட. அதுக்கு மேல உன்கிட்ட என்னத்தைச் சொல்ல?" அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நீ ஏன் என்கிட்ட அந்தத் தாளை நீட்டல?"

"நீ போட மாட்டேன்னு நினைச்சேன்."

"லாரி லாரியா கோதுமையை எடை போட்டவன் நான். எடை போடாம ஒரு மூட்டைக்குக்கூடச் சீட்டு எழுதினதில்ல. நீ என்னைக் கேக்காமலேயே எனக்குச் சீட்டு எழுதிட்ட."

அவன் போட மாட்டான் என்று நினைத்தது பொய்யில்லை. ஆனால் முழுக் காரணமும் அது இல்லை என்பது லியோட்டாவுக்கு அப்போதே தெரிந்தது. வெட்கம் அவனுடையது அல்ல, அவளுடையது. முப்பத்தொரு வருடம் ஊர்க் கிழவர்களையெல்லாம் தூக்கி நிறுத்தியவள், தன் வீட்டு ஆளைக் காப்பாற்ற இன்னொருவர் வர வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா? இடப்பக்கத்தில் ஆர்லன் பெயர் ஏறினால், அது அவளைப் பற்றிய வாக்குமூலம். அப்படித்தான் அவள் மனம் கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஆனால் மின்சாரம் நின்ற நாளில் அவள் வீட்டிலா இருப்பாள்? மாவட்டத்திலேயே கட்டாயமாக வீட்டில் இல்லாமல் போகிற மனைவி அவள் ஒருத்திதான்.

தாளை எடுத்து அவன்முன் வைத்தாள். ஆர்லன் பெரிய எழுத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கீழே, 'வில்லர்டின் டிராக்டரில் மட்டும் என்னை ஏற்ற வேண்டாம்' என்று ஒரு வரியும் சேர்த்தான்.

"இது அரசாங்கக் காகிதம்."

"அரசாங்கத்துக்கும் தெரியட்டும்," என்றான். "அந்த போனை இங்க கொடு."

அந்த வாரம் முழுக்க ஆர்லன் தினம் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டான். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம்தான் அவனால் முடியும். "நான் போட்டுட்டேன். நீயும் போய் இடப்பக்கம் போடு. மூச்சு வாங்குது, வெச்சிடறேன்." மறுத்துப் பேசலாம் என்று வாயைத் திறக்கும்போது அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டிருக்கும். மூச்சு இல்லாதவனைத் திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போட யாருக்கு மனம் வரும்? தவிர, கிடங்கில் இருந்த காலத்தில் யாருடைய கோதுமைக்கும் ஒரு பிடி குறைத்து எடை காட்டாதவன் என்று அவனுக்கு ஊரில் பெயர்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி இடப்பக்கத்தில் முப்பத்தொரு பெயர். லியோட்டாவின் தலையில் இருந்ததைவிட ஐந்து அதிகம். அந்த ஐந்து பேரைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. போன ஜனவரியில் அந்த ஐந்து வீட்டுக் கதவை அவள் தட்டவே இல்லை. கடைசிப் பெயர் வில்லர்ட் உன்ரூ. வலப்பக்கத்துக் கையெழுத்தை அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் 'டிராக்டர் மட்டும். ஓட்ட வேறு ஆள்' என்று திருத்தியிருந்தார்.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை காலை. மார்சியா தலைநகரிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியோட்டி வந்தாள். எதிர்பார்த்ததைவிட இளையவள், காலுக்குச் சரியான பூட்ஸ் போட்டிருந்தாள், லியோட்டாவுக்குப் பிடித்துப்போயிற்று. விளையாட்டுக் கூடத்தின் மூலையில் வானொலிக் கருவியோடு ஒரு மேசை.

"இன்னைக்கு உங்க இடம் இதுதான்," என்றாள் மார்சியா. "யாரு வந்தாலும் நீங்க இங்கேர்ந்து எழக் கூடாது. எழுந்தா நான் குறிச்சுக்குவேன்."

"எதுக்கு?"

"நீங்க ஒருத்தரைத் தூக்கப் போனா மத்த முப்பது பேருக்கு யாரு பதில் சொல்றது?"

ஒத்திகைக்கு வர ஆறு நோயாளிகள் சம்மதித்திருந்தார்கள். அவர்களைக் கொண்டுவர இருபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மூன்றாவதாக ஆர்லன் வந்தான். தீயணைப்புப் படைத் தலைவன் கெய்த் வெடலும் இன்னொருவனும் அவனுடைய சக்கர நாற்காலியை வாசற்படியில் ஏற்றினார்கள். முன்பக்கமாக ஏற்றினார்கள், பின்பக்கமாகத் திருப்பித்தான் ஏற்ற வேண்டும். உருளையைத் தவறான பக்கம் மாட்டியிருந்தார்கள். போர்வை சக்கரத்தில் உரசியது. கட்டிலுக்கு மாற்றும்போது கெய்த் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினான். அப்படித் தூக்கக் கூடாது என்று லியோட்டா எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! எழுந்துவிடாமலிருக்கத் தன் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கெய்த், என்னைக் கன்னுக்குட்டின்னு நினைச்சியா?" என்றான் ஆர்லன்.

"கன்னுக்குட்டி இவ்வளவு பேசாது."

லியோட்டா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து ஆர்லனின் உதட்டைப் பார்த்தாள். நல்ல சிவப்பு. அதற்குப் பிறகுதான் குனிந்து நேரத்தை எழுதினாள்.

மார்சியா பக்கத்தில் வந்து நின்றாள். "அவர் உங்க கணவரா?"

"ஆமா."

"சொல்லவே இல்லயே நீங்க."

"படிவத்துல அப்படி ஒரு கேள்வி இல்ல."

மார்சியா வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "படி ஏத்தினது தப்புத்தானே?" என்று கேட்டாள்.

"தப்பு. உருளையும் தப்பு. தூக்கினதும் தப்பு."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. எல்லாத்தையும் எழுதுங்க. அடுத்த வாரம் நான் பயிற்சி கொடுக்கறேன்."

மார்சியா எழுதிக்கொண்டாள். சூப் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். போகும்போது, உணவு ஏற்பாடு தேவைக்கு எட்டு மடங்கு அதிகம் என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

மானியம் பிப்ரவரியில் உறுதியானது. ஜெனரேட்டர் வர நவம்பர் ஆனது. அரசாங்கம் என்றால் அப்படித்தான். அதற்குள் பட்டியலில் இரண்டு பேர் காலமாகி, நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்குப் பெருங்காற்று மாவட்டத்தின் மேற்குப் பாதி முழுக்க மின்கம்பங்களைச் சாய்த்தது. கூடத்தில் ஜெனரேட்டர் தானாக உயிர்பெற்ற செய்தி முதலில் வந்தது. லியோட்டா நீதிமன்றக் கீழ்த்தளத்து மேசையில் பட்டியலை விரித்து, தொலைவில் இருந்த வீடுகளிலிருந்து தொடங்கி வரிசையாக ஆட்களை அனுப்பினாள். ஆர்லன் ஐந்தாவது. அந்த வரிசைப்படி அவன் ஐந்தாவதுதான். அவள் மாற்றவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு வானொலி கரகரத்தது.

"லியோட்டா, கெய்த் பேசறேன். உங்க வீட்லதான் இருக்கோம். ஏத்தத் தயார். உருளை சரியான பக்கம்தான் மாட்டியிருக்கு, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். கோட்டு எதுன்னு கேக்கறார், நீலமா பழுப்பா?"

"பழுப்பு. நீலத்துல பொத்தான் இல்ல."

பின்னாலிருந்து ஆர்லனின் குரல், மூச்சுக்கு நடுவே: "ஆறு மாசமா தைக்கறா அதை."

"எல்லாரும் கேக்கற அலைவரிசை இது, ஆர்லன்," என்றாள் லியோட்டா. "கெய்த், எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். நல்லா வாயடிக்கறார்."

அவள் ஆர்லன் பெயருக்கு நேரே நேரத்தை எழுதினாள். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"அவரை இறக்கிட்டு நேரா வில்லர்ட் வீட்டுக்குப் போ. லுவெல்லாவையும் கூட்டிக்க. வரமாட்டேன்னு சொல்லுவா. கூடத்துல காபி போட ஆள் இல்லன்னு சொல்லு, வந்துடுவா."